தும்பிக்கு ஓர் எஞ்சின்

விமானத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்ற கேள்விக்கு ரைட் சகோதரர்கள் என்று எழுதித் தமிழ்ப்பள்ளியில் நாம் எல்லாரும் புள்ளி வாங்கியிருக்கிறோம். பிரேசில் நாட்டில் ஒரு மாணவனிடம் இதே கேள்வியைக் கேட்டால், அல்பெர்டோ சாண்டோஸ் டுமோன்ட் என்று பதில் வரும். யார் முதலில் பறந்தார் என்ற அந்தப் பழைய வழக்கை நான் இங்கே கிளறப் போவதில்லை. 1903ஆம் ஆண்டு டிசம்பரில் ரைட் சகோதரர்கள் பறந்துவிட்டார்கள். அதில் எனக்கு ஐயமில்லை. சாண்டோஸ் டுமோன்டை எனக்குப் பிடித்துப் போனதற்குக் காரணம் வேறு. தனி மனிதன் ஒருவன் தானே கட்டி, தானே பழுது பார்த்து, தன் வருமானத்துக்குள் அடங்கும் செலவில் பறக்க முடியுமா என்று கேட்ட முன்னோடி அவர். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியது இறக்கை அன்று, எஞ்சின்தான் என்பதை அவருடைய வாழ்க்கையைப் படிக்கும்போது நன்றாகப் புரிந்துகொள்ளலாம்.

நான் இயந்திரப் பொறியியல் மாணவன். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி. ஆகவே எஞ்சினைப் பற்றிய பாடமெல்லாம் எனக்கு மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் அறிமுகமானது. இந்தக் கட்டுரைக்காக அகராதியைப் புரட்டியபோது ‘தீப்பொறிச் செருகி’ போன்ற சொற்கள் கிடைத்தன. பட்டறை வைத்திருக்கும் என் மாமாவிடம் போய் அப்படிச் சொன்னால் அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். அதனால் பிளக், பிஸ்டன், கார்புரேட்டர் என்று பட்டறையில் புழங்கும் சொற்களையே எழுதுகிறேன். தமிழாசிரியர்கள் பொறுத்தருள வேண்டுகிறேன்.

சாண்டோஸ் டுமோன்ட் 1873ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள் பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் பிறந்தார். தந்தை ஹென்ரிக் ஒரு பொறியியலாளர். இரயில் பாதை வேலையில் இருந்தவர், பின்னர் சாவ் பாலோ மாநிலத்தில் ரிபெய்ராவ் பிரெட்டோ என்னும் இடத்தில் பெரிய காப்பித் தோட்டத்துக்கு உரிமையாளரானார். தோட்டம் என்றதும் நம் பாட்டன் பூட்டன் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் இவர் பால் வெட்டியவரின் பேரன் அல்லர், முதலாளியின் மகன். பிரேசிலில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்ததே 1888இல்தான். அவர் பிற்காலத்தில் எஞ்சின்களுக்கும் பட்டுத்துணிக்கும் வாரி இறைத்த பணம் காப்பிச் செடிகளுக்கிடையே குனிந்து நிமிர்ந்தவர்களின் உழைப்பிலிருந்து வந்தது என்பதை நாம் மறந்துவிட்டுப் படிக்க முடியாது.

அந்தத் தோட்டத்துக்குள்ளேயே இரயில் ஓடியது. சிறுவன் அல்பெர்டோ ஏழு வயதில் நீராவி வண்டிகளை ஓட்டினான். பன்னிரண்டு வயதில் பால்ட்வின் இரயில் எஞ்சினையே ஓட்டினான். காப்பிக் கொட்டையைக் கழுவும், உலர்த்தும், தோல் நீக்கும் இயந்திரங்களை மணிக்கணக்கில் கவனித்தான். அவற்றில் ஒன்று மட்டும் அடிக்கடி கெட்டுப் போனது. முன்னும் பின்னும் ஆடிச் சலிக்கும் சல்லடைதான் அது. சுழலும் இயந்திரங்கள் உழைக்கின்றன, ஆடும் இயந்திரங்கள் உடைகின்றன என்ற பாடத்தை அந்தச் சல்லடையிடம் கற்றுக்கொண்டதாகப் பிற்காலத்தில் தம் நூலில் எழுதியிருக்கிறார். எஞ்சின் பராமரிப்பு பற்றி நான் படித்த பாடங்களில் அதிர்வு என்ற அத்தியாயம்தான் மிக நீளமானது. அதை ஒரு பையன் காப்பிச் சல்லடையிலேயே கண்டுகொண்டான்.

பின்பு தந்தை குதிரை வண்டியிலிருந்து விழுந்து பக்கவாதத்துக்கு ஆளானார். தோட்டத்தை விற்றுவிட்டு 1891இல் குடும்பத்தோடு ஐரோப்பா சென்றார். பாரிசில் ஒரு பொருட்காட்சியில்தான் சாண்டோஸ் டுமோன்ட் முதன்முதலாக பெட்ரோல் எஞ்சின் ஓடுவதைப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டியும் கரி மூட்டையும் இல்லாமல் இவ்வளவு சிறிய இயந்திரம் இப்படி உழைக்கிறதே என்று வியந்தார். அடுத்த ஆண்டே தந்தை இறந்தார். பதினெட்டு, பத்தொன்பது வயதில் கையில் சொத்து. பாரிசில் தனி வாழ்க்கை. இயந்திரவியலும் இயற்பியலும் வேதியியலும் மின்னியலும் படிக்கச் சொல்லித் தந்தை விட்டுச் சென்ற அறிவுரை. வழி தவறிப் போக எல்லா வசதியும் இருந்தது. அவர் எஞ்சின் பக்கம் போனார்.

பலூனில் பறக்க ஆசைப்பட்டு ஒரு பலூன்காரரிடம் விலை கேட்டார். ஒரு பயணத்துக்கு 1,200 பிராங், வழியில் ஏற்படும் சேதமெல்லாம் உங்கள் பொறுப்பு என்ற பதில் வந்தது. பணக்காரர்தான், ஆனாலும் வேண்டாம் என்று திரும்பிவிட்டார். சில ஆண்டுகள் கழித்து லஷாம்ப்ர் என்ற பலூன் தயாரிப்பாளர் எல்லாச் செலவும் சேர்த்து 250 பிராங் என்றதும்தான் முதன்முதலாக மேலே போனார். இந்தக் கணக்கை அவர் மறக்காமல் நூலில் எழுதி வைத்திருக்கிறார். சோம்பேறிப் பணக்காரர், நாகரிகக் கோமான் என்றெல்லாம் சிலர் அவரைப் பற்றி எழுதுவதைப் படித்திருக்கிறேன். உயரமான கழுத்துப்பட்டையும் தொப்பியும் உண்மைதான். ஆனால் இரண்டு விலைகளையும் பல ஆண்டு நினைவில் வைத்திருந்த மனிதரைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பலூன் காற்று போகும் பக்கம் போகும். நினைத்த பக்கம் போக எஞ்சின் வேண்டும். அவருக்கு முன்பு முயன்றவர்களில் ஜிஃபார் 1852இல் நீராவியைக் கட்டிப் பறந்தார். 3 குதிரைத்திறனுக்குக் கொதிகலன், தண்ணீர், கரி எல்லாவற்றையும் சுமக்க வேண்டியிருந்தது. ரெனாரும் கிரெப்சும் 1884இல் மின்சார மோட்டார் வைத்தார்கள். மின்கலங்கள் மட்டுமே 400 கிலோவுக்கு மேல். இரண்டுமே தனி மனிதன் வைத்துக் கட்டுப்படியாகிற சங்கதி அல்ல. சாண்டோஸ் டுமோன்ட் தம்மிடம் இருந்த மூன்று சக்கர மோட்டார் வண்டியின் டி டியோன் எஞ்சினைப் பார்த்தார். இரண்டு எஞ்சின்களின் சிலிண்டர்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, ஒரே கார்புரேட்டரில் ஓட்டினார். 30 கிலோ எடையில் மூன்றரைக் குதிரைத்திறன் கிடைத்தது.

ஆனால் அந்த எஞ்சின் சாலையில் அதிர்கிற மாதிரி வானத்திலும் அதிர்ந்தால்? அவர் செய்த சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. விடியற்காலையில் வண்டியைப் பாரிசின் புலோன் பூங்காவுக்குக் கொண்டு போய், மரக்கிளையில் கயிறு கட்டித் தொங்கவிட்டு எஞ்சினை முடுக்கினார். தரையில் குலுங்கிய வண்டி, தொங்கும்போது அதிகம் குலுங்கவில்லை. ஆய்வுக்கூடமும் கருவியும் இல்லை. ஒரு மரமும் கயிறும்தான். அந்த நம்பிக்கையோடு 1898 செப்டம்பரில் தம் முதல் வான்கப்பலில் ஏறினார். தலைக்கு மேலே ஹைட்ரஜன், காலடியில் புகை கக்கும் பெட்ரோல் எஞ்சின். பார்த்தவர்கள் பதறியதில் வியப்பில்லை.

அடுத்த மூன்றாண்டுகளில் ஆறு வான்கப்பல்கள். விழுந்ததும் உண்டு. 1901 ஆகஸ்டில் ஐந்தாம் எண் கப்பல் ஒரு விடுதியின் கூரையில் மோதிக் கிழிந்து, அவர் சுவரோரம் தொங்கியபடி மீட்கப்பட்டார். அந்த ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் ஆறாம் எண் கப்பலில் சென் குளூவிலிருந்து புறப்பட்டு, ஐஃபெல் கோபுரத்தைச் சுற்றி, அரை மணி நேரத்தில் திரும்பும் போட்டியில் இறங்கினார். கோபுரத்தைச் சுற்றியாகிவிட்டது. திரும்பும் வழியில் எஞ்சின் இருமத் தொடங்கியது. நிற்கும் நிலைக்கு வந்தது. திசை திருப்பும் சக்கரத்தை விட்டுவிட்டு, கார்புரேட்டரையும் தீப்பொறி நெம்புகோலையும் அவர் சரிசெய்ய வேண்டியதாயிற்று. எஞ்சின் பிடித்துக்கொண்டது. பரிசும் கிடைத்தது. ஒரு லட்சம் பிராங்குக்கு மேற்பட்ட அந்தத் தொகையில் பாதிக்கும் மேல் பாரிஸ் ஏழைகளுக்குப் போனது; மீதியைத் தம் மெக்கானிக்குகளுக்குக் கொடுத்தார். அன்றைய எஞ்சினை நம்பிப் பறந்தவர் யாரும் மெக்கானிக்கின் அருமையை அறியாமல் இருந்திருக்க முடியாது.

உலகப் புகழ் வந்த பிறகு இன்னும் பெரிதாகக் கட்டுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் சிறிதாகப் போனார். 1903இல் வந்த ஒன்பதாம் எண் கப்பலில் இருந்தது 3 குதிரைத்திறன் கொண்ட கிளெமான் எஞ்சின். எடை 12 கிலோ. ஓர் அரிசி மூட்டையை விட இலேசு. அதில் ஏறிக் காலையில் உலாவிவிட்டு, ஷான்செலிசே சாலையில் தம் வீட்டு வாசலில் கட்டிப்போட்டுவிட்டுக் காப்பி குடிக்க மாடிக்குப் போவார். ஐடா டி அகோஸ்டா என்ற இளம்பெண்ணிடம் அதைக் கொடுத்துத் தனியாகப் பறக்கவும் விட்டார்.

இறக்கை வைத்த விமானத்துக்கு 12 கிலோ எஞ்சின் போதாது. வாயு தூக்காது, எஞ்சினே இழுத்துத் தூக்க வேண்டும். 1906இல் அவர் கட்டிய 14-பிஸ் என்ற விமானத்துக்கு லெவாவாசெர் வடிவமைத்த அந்துவானெத் எஞ்சினை வாங்கினார். V வடிவில் எட்டு சிலிண்டர். முதலில் 24 குதிரைத்திறன், அது பற்றாமல் 50. அக்டோபர் 23ஆம் நாள் 60 மீட்டர். நவம்பர் 12ஆம் நாள் 220 மீட்டர். ஐரோப்பா கொண்டாடியது. நான் அந்த எஞ்சினைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலை நேரடியாகச் செலுத்தும் முறை, தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் முறை என்று காலத்தை மிஞ்சிய வேலைப்பாடு அதில் இருந்தது. எடைக்கு எடை பார்த்தால் அதை அடிக்க அன்று ஆளில்லை. ஆனால் எட்டு சிலிண்டரென்றால் எட்டு பிளக், பதினாறு வால்வு, எட்டு நுண்ணிய எரிபொருள் வழி. அவற்றில் ஒன்றில் தூசு அடைத்தாலும் தொல்லைதான்.

அந்தத் தொல்லை எவ்வளவு பெரியது என்பதை 1909 ஜூலை மாதம் காட்டியது. ஆங்கிலக் கால்வாயைக் கடக்க அந்துவானெத் எஞ்சினோடு புறப்பட்ட லாத்தம், எஞ்சின் நின்று கடலில் இறங்கினார். ஆறு நாள் கழித்து, மோட்டார் சைக்கிள் எஞ்சின் செய்து பழகிய அன்சானியின் மூன்று சிலிண்டர் எஞ்சினோடு பிளேரியோ கடந்துவிட்டார். அது முரட்டு எஞ்சின், 25 குதிரைத்திறன், எண்ணெயைத் துப்பும், நெடுநேரம் ஓடினால் சூடேறித் தளரும். ஆயினும் பழுது பார்க்கப் பெரிய படிப்புத் தேவையில்லை. இலேசாக இருப்பது ஒரு குணம், எளிமையாக இருப்பது இன்னொரு குணம். இரண்டும் ஒரே எஞ்சினில் அமைவது அன்று அரிது.

சாண்டோஸ் டுமோன்ட் இதற்குள் தம் விடையைத் தேடி வேறு வழியில் போய்விட்டார். 1907 நவம்பரில் அவர் வெளியே கொண்டுவந்த 19ஆம் எண் விமானத்துக்கு டெமுவாசெல் என்று பெயர். பிரெஞ்சு மொழியில் இளம்பெண்ணுக்கும் ஊசித்தும்பிக்கும் அதே சொல். மூங்கில் உடல், பட்டு இறக்கை. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இறக்கை ஐந்து மீட்டரளவுதான். விமானி இறக்கைக்குக் கீழே துணிப்பட்டையில் உட்கார, அவர் தலைக்கு மேலே எஞ்சின். டுதெய் சால்மர் நிறுவனத்தின் அந்த எஞ்சினில் இரண்டே சிலிண்டர், 20 குதிரைத்திறன்.

அந்த இரண்டு சிலிண்டரும் எதிரெதிராகப் படுத்திருக்கும். இந்த அமைப்பில் ஒரு பிஸ்டன் இடப்பக்கம் ஓடும்போது மற்றது வலப்பக்கம் ஓடும். ஒன்றின் உதறலை மற்றது அணைத்துவிடும். காப்பிச் சல்லடைக்கு மருந்து இதுதான். இரண்டு பிளக்கைக் கழற்றித் துடைக்க எவ்வளவு நேரம் ஆகும்? மூங்கில் சட்டத்துக்கு அதிர்வு குறைவு, பைக்குச் செலவு குறைவு. 1909இல் வந்த 20ஆம் எண்ணில் இன்னும் வலிமையான எஞ்சின் வைத்து, குளிர்விக்கும் தண்ணீரை இறக்கையின் அடிப்பக்கம் செப்புக் குழாய்களில் ஓடவிட்டார். தனியாக ரேடியேட்டர் பெட்டி சுமக்கவில்லை. மணிக்கு ஏறக்குறைய 90 கிலோமீட்டர் போனது. காரில் ஏற்றிக்கொண்டு போகலாம்.

பிறகு அவர் செய்தது வணிகம் படித்த என் அறை நண்பனுக்கு இன்றுவரை புரியாத காரியம். காப்புரிமை வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம் என்று வரைபடத்தை விட்டுக்கொடுத்தார். அமெரிக்காவின் பாப்புலர் மெக்கானிக்ஸ் இதழ் 1910இல் அதை இரண்டு பகுதிகளாக வெளியிட்டது. வீட்டில் விமானம் கட்டுகிறவர்களின் வரலாறு அங்கிருந்து தொடங்குவதாகப் பலர் எழுதுகிறார்கள். ரைட் சகோதரர்கள் காப்புரிமை வழக்குகளில் ஆண்டுகளைச் செலவிட்டுக்கொண்டிருந்த காலம் அது.

வரைபடத்தை இலவசமாகக் கொடுத்துவிடலாம். மூங்கில் எங்கும் கிடைக்கும். எஞ்சினை யார் இலவசமாகக் கொடுப்பார்? கிளெமான் பாயார் நிறுவனம் டெமுவாசெலை நூறு கட்டத் திட்டமிட்டு, ஐம்பது கட்டி, பதினைந்தே விற்றது. விமானச் சட்டத்தின் விலை 7,500 பிராங் என்று பதிவாகியிருக்கிறது. எஞ்சினில் மூன்று வகை; வாங்குபவர் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். வாங்கிய பிறகும் செலவு நிற்கவில்லை. அக்கால எஞ்சின்கள் எண்ணெயைச் சேமித்துச் சுழற்றவில்லை; ஊற்ற ஊற்றக் காற்றில் போயிற்று. அப்போது புகழ்பெற்ற நோம் சுழல் எஞ்சின் ஆமணக்கெண்ணெயைக் குடித்துத் தள்ளியது. சில பத்து மணி நேரப் பறப்புக்கு ஒருமுறை அதைக் கழற்றிப் பூட்ட வேண்டும். விமானியின் எடைக்கும் கணக்கு இருந்தது. சாண்டோஸ் டுமோன்ட் 50 கிலோ அளவே உள்ள சிறிய மனிதர். 1965இல் வெளிவந்த ஓர் ஆங்கிலப் படத்துக்காக டெமுவாசெல் நகல் ஒன்றைக் கட்டினார்கள். ஆண் விமானிகள் ஏறினால் அது துள்ளியதே தவிர ஒழுங்காகப் பறக்கவில்லை; கடைசியில் ஜோன் ஹியூஸ் என்ற உடல் மெலிந்த பெண் விமானியை அழைத்துத்தான் பறக்க வைத்தார்களாம்.

இன்று வீட்டில் சிறு விமானம் கட்டுகிறவர்கள் போடும் கணக்கும் இதிலிருந்து அதிகம் மாறவில்லை. ஒரு மணி நேரம் பறக்க என்ன செலவு என்றால், பெட்ரோலும் எண்ணெயும் மட்டும் விடையாகாது. எஞ்சினை முழுதாகக் கழற்றிப் புதுப்பிக்கும் நாளுக்காக ஒவ்வொரு மணிக்கும் ஒரு தொகை ஒதுக்க வேண்டும். ரோட்டாக்ஸ் 582 என்ற இரு வீச்சு எஞ்சின் இலேசு, வாங்க மலிவு. ஆனால் 300 மணி நேரத்தில் புதுப்பிக்கச் சொல்கிறார்கள். அதே நிறுவனத்தின் 912 என்ற நான்கு வீச்சு எஞ்சின் விலை கூடுதல்; 2,000 மணி வரை ஓடும். அந்த 2,000 மணிக்குள் 582ஐ ஆறு முறை பிரித்திருப்போம். அப்படியானால் 912தான் மலிவு என்று அவசரப்பட வேண்டாம். பொழுதுபோக்குக்குப் பறப்பவர் ஆண்டுக்கு 50 மணி பறந்தால், 2,000 மணி முடிய நாற்பது ஆண்டு ஆகும். அதற்குள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை இரப்பர்க் குழாய்களை மாற்றியே ஆக வேண்டும், பறந்தாலும் பறக்காவிட்டாலும். ஈயம் கலந்த விமானப் பெட்ரோலை ஊற்றினால் எண்ணெயை இன்னும் சீக்கிரம் மாற்ற வேண்டும். கார் பெட்ரோல் அதற்கு நல்லது. ஃபோல்க்ஸ்வேகன் பீட்டில் காரின் எஞ்சினை மாற்றியமைத்துப் பூட்டுகிறவர்களுக்கு உதிரிப்பாகம் மலிவு; பதிலுக்கு வால்வுகளையும் சிலிண்டர் தலைகளையும் அடிக்கடி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். என்னைக் கேட்டால், அதிகம் பறக்காதவர் தன் கையால் பிரிக்கத் தெரிந்த எஞ்சினை வாங்குவதே நல்லது. விலைப்பட்டியலில் இல்லாத பெரிய செலவு, பட்டறைக்காரருக்குக் கொடுக்கும் கூலிதான். இதை மாமாவிடம் சொல்ல மாட்டேன்.

ஒன்று கவனியுங்கள். பீட்டில், ரோட்டாக்ஸ் 912, பழைய லைகாமிங், காண்டினென்டல் ஆகிய எல்லாவற்றிலும் சிலிண்டர்கள் எதிரெதிராகப் படுத்தே இருக்கின்றன.

டெமுவாசெலோடு அவருடைய பறக்கும் வாழ்க்கை முடிந்துவிட்டது. 1910 ஜனவரியில் ஒரு விபத்து. அதே ஆண்டு நரம்பு நோய் வெளிப்பட, முப்பத்தாறு வயதில் பறப்பதை நிறுத்தினார். 1914இல் போர் மூண்டபோது பிரான்சின் கடற்கரை ஊரொன்றில் தொலைநோக்கியோடு குடியிருந்தார். ஜெர்மன் உளவாளியோ என்று அக்கம்பக்கத்தார் சந்தேகிக்க, காவல் துறை வீட்டைச் சோதித்தது. மனமுடைந்து தம் தாள்களைத் தாமே எரித்துவிட்டார். எந்தெந்தக் கணக்குகள் அன்று சாம்பலாயினவோ! பொறியியல் மாணவன் என்ற முறையில் அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகவும் வலிக்கும் இடம் இதுதான்.

அந்தப் போரில் விமானம் குண்டு போட்டது. 1926இல் விமானத்தைப் போர்க்கருவியாகப் பயன்படுத்துவதைத் தடை செய்யுமாறு உலக நாடுகள் சங்கத்துக்கு வேண்டுகோள் விடுத்தார், பயனில்லை. 1928 டிசம்பரில் அவர் கப்பலில் தாய்நாடு திரும்பியபோது, வரவேற்க வந்த விமானம் அவர் கண்முன்னே விழுந்து, அதில் இருந்த அனைவரும் மாண்டனர். அதற்கு அவருடைய பெயரே சூட்டப்பட்டிருந்தது. 1932இல் சாவ் பாலோ மாநிலம் மத்திய அரசை எதிர்த்து எழுந்தது. பிரேசிலியர் மேல் பிரேசிலியர் விமானத்திலிருந்து குண்டு வீசினார்கள். குவாருஜா கடற்கரையில் ஓய்விலிருந்த சாண்டோஸ் டுமோன்ட், ஜூலை 23ஆம் நாள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஐம்பத்தொன்பது வயது முடிந்து மூன்று நாள்.

பாரிசுக்கு அருகே லெ பூர்ஷேயிலுள்ள விமான அருங்காட்சியகத்தில் டெமுவாசெல் ஒன்று இருக்கிறது. படத்தில்தான் பார்த்திருக்கிறேன். மூங்கில், சைக்கிள் சக்கரம் போன்ற இரண்டு சக்கரங்கள், இறக்கைக்குக் கீழே ஒரே ஓர் ஆள் உட்கார இடம், மேலே இருபக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு சிலிண்டர்கள்.